பரந்தன் ஆலைக்காரருக்கு எந்தச் சொகுசுக் கார்?

கேள்வி: ஐயா, பரந்தனில் சிறிய அரிசி ஆலை ஒன்று நடத்துகிறேன். 2012ஆம் ஆண்டு ரொயோட்டா அலியன் வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வருவேன். மற்ற நாட்களில் கிளிநொச்சி நகரம். நெல் வாங்குவதற்குத் தருமபுரம், விசுவமடு, பூநகரி, முழங்காவில் பக்கம். எல்லாம் சேர்த்து மாதம் 2,000 கிலோமீற்றர் வரும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனியாவது ஒரு நல்ல காரில் ஓட ஆசை. அலியனை விற்று, கையிருப்பையும் போட்டு, மிச்சத்துக்கு லீசிங் எடுக்கலாம் என்று யோசனை. 2016 பி.எம்.டபிள்யூ 520டி, அதே ஆண்டு பென்ஸ் சி350இ, 2017 அவுடி ஏ4 1.4 ஆகிய மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மகன் பி.எம்.டபிள்யூ என்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, லெக்சஸ் இஎஸ்300எச் தவிர வேறெதையும் வாங்காதே என்கிறார். மனைவி, அலியனுக்கு என்ன குறை என்கிறார். எது எரிபொருள் குறைவாகக் குடிக்கும்? எது நன்றாக இழுக்கும்? வைத்திருக்க எவ்வளவு செலவாகும்?
– அரிசி ஆலை உரிமையாளர், பரந்தன்

பதில்: உங்கள் மூன்று கேள்விகளில் கடைசியாகக் கேட்டதைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஆனாலும் வவுனியாவில் என் கராஜுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்பதைத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சத்தை நீங்கள் வாசிக்கமாட்டீர்கள். ஆகவே அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

எரிபொருள் விலை மாதாமாதம் மாறுகிறது. கணக்குக்காக மட்டும் 92 ஒக்டேன் பெற்றோலை 300 ரூபாய், 95ஐ 340 ரூபாய், சுப்பர் டீசலை 320 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஏ9 வீதியின் ஓட்டமும் உங்கள் உள்ளூர் ஓட்டமும் கலந்து, நிதானமான கையில் அலியன் லீற்றருக்கு 14 கிலோமீற்றர் தரும் என்றால் மாதம் ஏறத்தாழ 43,000 ரூபாய். 520டி 16 கொடுத்தால் 40,000. அவுடி 14 கொடுத்தாலும் 95 பெற்றோல் கேட்பதால் 48,500. லெக்சஸ் 92இலேயே ஓடி, 18 கொடுத்தால் 33,500. சி350இ காரை நீங்கள் ஒழுங்காகச் சார்ஜ் செய்தால் மின்சாரக் கட்டணம் நீங்கலாக 45,000. சார்ஜ் செய்யாமல் வெறும் பெற்றோல் காராக ஓடினால் 55,000. கால் கனத்தால் எல்லா எண்களும் கூடும்; வரிசை பெரிதாக மாறாது.

இந்த வரிசையின் தலைக்கும் வாலுக்கும் உள்ள இடைவெளி மாதம் 22,000 ரூபாய்தான். இப்போது லீசிங் கடதாசியை எடுங்கள். அலியனை விற்ற காசுக்கு மேல் 50 இலட்சம் கடன் எடுத்தீர்கள் என்றும், வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்றும் வைத்தால், தொடக்கத்தில் வட்டி மட்டுமே மாதம் 50,000 ரூபாய் வரும். எந்தக் காரை வாங்கினாலும், அது எரிபொருளில் மிச்சம் பிடித்துத் தருவதை வட்டி இரண்டு மடங்காக விழுங்கிவிடும். இரண்டு கிலோமீற்றர் கூட ஓடும் என்பதற்காக 20 இலட்சம் கூடக் கொடுத்துக் கார் வாங்குகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நெல்லில் கிலோவுக்கு ஐம்பது சதம் பேரம் பேசுகிற உங்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்பனிகள் அச்சடித்துத் தரும் எண்களை நம்பியும் ஏமாற வேண்டாம். 2016இல் விற்ற ஐரோப்பியக் கார்களின் எண்கள் என்.இ.டி.சி. என்ற பழைய ஆய்வுகூடச் சோதனையில் எடுத்தவை. குளிரூட்டியை நிறுத்தி, மெல்ல மெல்ல வேகமெடுத்து அளந்த எண்கள் அவை. 2017 செப்டெம்பரில் ஐரோப்பாவில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடுமையான முறை வந்தபின், அதே வகைக் கார்களின் எண்கள் இறங்கிவிட்டன. ஜப்பானின் ஜே.சி.08 எண் இன்னும் தாராளமானது. மூன்றையும் ஒரே தராசில் வைத்து ஒப்பிட்டால் ஜப்பான் கார் எப்போதும் வெல்லும்.

ஹைபிரிட் எல்லா இடத்திலும் எரிபொருளைப் பாதியாக்கும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஹைபிரிட்டின் பலம் நின்று நின்று போகும் ஓட்டத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது மின்னாக மாற்றிப் பற்றரியில் சேர்த்து, திரும்பப் புறப்படும்போது செலவழிக்கிறது. கொழும்பு காலி வீதியில் அது ராசா. ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை 70இல் பிரேக்கைத் தொடாமல் போகிற காரில் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட சீரான ஓட்டத்தில் எட்டு கியர் உள்ள டீசல் கார் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கும் கீழே முனகிக்கொண்டு போகும். உங்கள் மாத ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொழும்புப் பயணம் என்பதால், காகிதத்தில் 520டி உங்களுக்குத் தைத்த சட்டை மாதிரித்தான் தெரியும்.

இழுவை விடயத்திலும் அப்படியே. பூச்சியத்திலிருந்து 100ஐ எத்தனை விநாடியில் தொடும் என்பது உங்கள் மகனுக்கு முக்கியம். சி350இ 5.9 விநாடி. 520டி எட்டுக்குச் சற்றுக் குறைவு. அவுடியும் லெக்சஸும் ஒன்பதுக்குப் பக்கத்தில். ஏ9இல் உங்களுக்கு வேண்டியது வேறு. உமி ஏற்றிய லொறி ஒன்று முன்னால் 45இல் ஊர்கிறது. எதிரே பஸ் வருவதற்குள் அதைத் தாண்டி உங்கள் பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். அந்த இடத்தில் குதிரைவலுவை விட, குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசைதான் உயிரைக் காப்பாற்றும். 520டியின் 190 குதிரைவலுவுக்குப் பின்னால் 400 நியூட்டன் மீற்றர் விசை இருக்கிறது; 1,750 சுற்றிலேயே முழுதும் வந்துவிடும். பென்ஸில் மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்தால் 600. அவுடியில் 250, அதுவும் சிறு டர்போ எஞ்சினுக்குக் கெட்டித்தனம்தான். லெக்சஸ் காலை அழுத்தினால் முதலில் சத்தம் போடும், பிறகு போகும். உங்கள் அலியனில் இந்த வேலைக்கு நீங்கள் குளிரூட்டியை நிறுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த நாட்டில் அதிவேகப் பாதைகள் நீங்கலாக, நகருக்கு வெளியே கார்களுக்கு வேக எல்லை 70. முந்தும் அந்தச் சில விநாடிகளைத் தவிர, 190 குதிரையும் தொழுவத்தில்தான் நிற்கும்.

இதுவரை சொன்னது கொழும்பில் இருப்பவருக்கும் பொருந்தும். இனி வருவது வன்னிக் கணக்கு.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் மொறிஸ் மைனரையும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்பரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை போகும். ஆனால் வண்டி போகும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, ஊற்றியதைக் குடித்தன. அந்த அனுபவத்தில் வளர்ந்த நமக்கு, எஞ்சின் என்றால் எதையும் தாங்கும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 520டியின் இன்ஜெக்டர் சுமார் 2,000 பார் அழுத்தத்தில், தலைமயிரளவு மெல்லிய துளைகள் வழியாக டீசலைப் பீச்சுகிறது. அதற்குள் தண்ணீரோ தூசியோ போனால் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது, மாற்றத்தான் வேண்டும்.

அதற்குப் பின்னால் புகைபோக்கியில் கரித்துகள் வடிகட்டி ஒன்று இருக்கிறது. எஞ்சின் விடும் கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் டீசலைக் கூட விட்டு, வடிகட்டியை 600 பாகை வரை சூடாக்கி, கரியை எரித்துவிடும். இது நடக்க வேண்டுமானால் கார் கால் மணி, இருபது நிமிடம் விடாமல் ஓட வேண்டும். நீங்கள் கொழும்புக்குப் போகும் நாளில் முறிகண்டியைத் தாண்டுவதற்குள் வேலை முடிந்துவிடும். பரந்தனிலிருந்து கிளிநொச்சி வங்கிக்குப் போய், அணைத்து, திரும்பி வந்து, மறுபடி அணைக்கும் நாளில் பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஒயிலோடு கலக்கும். இப்படியே இரண்டு மூன்று வாரம் ஓடினால் ஒயில் தண்ணீராகும். தண்ணீரான ஒயில் டர்போவைத் தின்னும். மாதம் இரண்டு கொழும்புப் பயணம் உங்களை ஓரளவு காப்பாற்றும். ஒரு மாதம் போகாமல் விட்டால், ஒரு மாலையில் சும்மாவேனும் வவுனியா வரை ஓடிவிட்டு வாருங்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் வீதிக்குத்தான். வடிகட்டியையும் அவர் தலையில் கட்டக் கூடாது.

டீசலும் சுப்பர் டீசலாகவே இருக்க வேண்டும். அது யூரோ 4 தரம். கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்காது. சாதாரண டீசலில் அதைவிடக் கூட. கந்தகம் கூடினால் வடிகட்டிக்கும் புகையைச் சுத்திகரிக்கும் மற்றப் பாகங்களுக்கும் ஆயுள் குறையும். சுப்பர் டீசலும் 95 பெற்றோலும் எல்லா எரிபொருள் நிலையத்திலும் இராது என்பது உங்களுக்குத் தெரியும். விசுவமடுவில் மீற்றர் முள் கீழே இறங்கினால், எந்தக் குழாயிலிருந்து ஊற்றுவீர்கள் என்று இன்றே யோசித்து வையுங்கள். அவுடிக்கும் பென்ஸுக்கும் 92 ஊற்றினால் உடனே ஒன்றும் ஆகாது. எஞ்சினில் தட்டல் கேட்கும் உணரி ஒன்று தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றிக்கொள்ளும். அந்தக் காப்பாற்றலுக்கு விலையாக வலுவும் போகும், கிலோமீற்றரும் போகும். வெயிலில், முழுப் பாரத்தோடு, தொடர்ந்து அப்படி ஓடினால் பிஸ்டனும் போகலாம்.

2022ஐயும் மறந்துவிடாதீர்கள். கியூ.ஆர். அட்டையோடு வரிசையில் நின்றபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். லீற்றருக்கு 12 ஓடும் காருக்கு அது 240 கிலோமீற்றர். பரந்தனிலிருந்து அநுராதபுரத்தைத் தாண்டிப் போகலாம், கொழும்புக்கு முடியாது. குறைவாகக் குடிக்கும் கார் காசுக்கு மட்டும் நல்லதல்ல என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. இப்போது யாரும் அதைப் பேசுவதில்லை.

பென்ஸுக்கு வருகிறேன். சி350இ ஒரு பிளக்-இன் ஹைபிரிட். வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் செய்யலாம். பற்றரி 6.2 கிலோவாட் மணி. கம்பனி சொல்லும் மின் ஓட்டம் 31 கிலோமீற்றர். குளிரூட்டியோடு நமது வெயிலில் 20ஐத் தாண்டினால் நல்லது. ஆலைக் கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் பரந்தன் – கிளிநொச்சி ஓட்டம் ஏறக்குறைய இலவசம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் கார் 2016ஆம் ஆண்டினுடையது. அந்தப் பற்றரியின் வயதை மறந்து 31 என்ற எண்ணைப் பார்க்கக் கூடாது. கொழும்புப் பாதையில் முதல் 20 கிலோமீற்றருக்குப் பிறகு அந்தப் பற்றரி பெரும்பாலும் நீங்கள் இழுத்துச் செல்லும் பாரம்தான். பின்பெட்டியிலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹைபிரிட்டுக்கு வரி குறைவாக இருந்த நாட்களில் இந்த வகைக் கார்கள் இங்கே வந்து குவிந்தன. வரிக் கணக்கைப் பார்த்து வாங்கியவர்களில் பலர் பிறகு சார்ஜ் வயரைப் பின்பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை. உங்களுக்கு இது வேண்டாம்.

அவுடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல கார், அமைதியான கார். எஞ்சின் கொள்ளளவு ஏற ஏறச் சுங்கத் தீர்வையும் ஏறும் நாடு என்பதால்தான் 1.0, 1.4, 1.5 லீற்றர் எஞ்சின் போட்ட ஜெர்மன் கார்கள் நமது வீதியில் இவ்வளவு. உங்கள் ஓட்டத்துக்கு அது 520டியைவிட எதிலும் மேலாக இல்லை. 95 பெற்றோல் சிக்கல் வேறு.

அண்ணா சொன்ன லெக்சஸை நான் எளிதில் தள்ளமாட்டேன். கனடாவிலிருந்து வரும் ஆலோசனை எல்லாம் நமது வீதிக்குப் பொருந்தாது. இது பாதி பொருந்துகிறது. இஎஸ்300எச் காரின் 2.5 லீற்றர் எஞ்சினுக்கு டர்போ இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஒல்டர்னேற்றர் இல்லை, பெல்ட் பூட்டிய கியர்பெட்டி இல்லை. இரண்டு மின் மோட்டாரும் ஒரு பற்சக்கரத் தொகுதியும் அந்த வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்கின்றன. இல்லாத பாகம் பழுதாகாது. பிரியஸில் கை பழகிய மெக்கானிக்குக் கீழே படுத்துப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் உங்கள் தொழில் அரிசி ஆலை. அதனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரொயோட்டா, லெக்சஸ் ஹைபிரிட்களில் பற்றரியைக் குளிரவைப்பது ஒரு சிறு மின்விசிறி. அது காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கும். இழுக்கும் துவாரம் பின்னிருக்கையின் ஓரத்திலோ கீழேயோ இருக்கும். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து லொறியில் ஏற்றி வந்த ஒரு ஹைபிரிட்டின் பின்னிருக்கையைக் கழற்றியபோது, அந்த விசிறியின் இதழ்கள் தெரியவில்லை. சிவப்புக் கிறவல் தூசியும் துணிநூலும் சேர்ந்து கம்பளிபோல மூடியிருந்தன. பற்றரி பல மாதமாக மூச்சுமுட்டி வெந்திருக்கிறது. ஓடியவருக்குப் பின்னிருக்கை ஓரத்தில் இப்படியொரு துவாரம் இருப்பதே தெரியாது. அதற்குமேல் சாமான் பை வைத்திருந்தார். உங்கள் ஆலை முற்றத்தில் தவிடும் உமித்தூளும் பறக்கும். லெக்சஸ் வாங்கினால் ஆலைக்குள் கண்ணாடியை இறக்காதீர்கள். ஒவ்வொரு சேர்விஸிலும் அந்த விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அந்தக் காருக்கு உண்மையான தடை விலை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. 2.5 லீற்றர் எஞ்சினுக்கு வரும் தீர்வை கண்ணைக் கட்டும். இங்கே ஏற்கெனவே பதிவான இஎஸ் கார்களும் அதிகமில்லை. இருப்பவர்கள் எளிதில் விற்கவும்மாட்டார்கள்.

இனி வீதி. ஏ9, ஏ35 எல்லாம் இப்போது நல்ல தார் வீதிகள். ஆனால் நெல் தார் வீதியில் விளைவதில்லை. பூநகரிப் பக்கம் வயல்கரைக் கிறவல் பாதையில், மாரி முடிந்த தை மாதத்தில், நீங்கள் அலியனோடு படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். 520டியின் வயிறு தாழ்வு, சில்லு 17 அல்லது 18 அங்குலம், ரயரின் பக்கச்சுவர் ஒல்லி. பல பி.எம்.டபிள்யூக்களில் ஓடு-தட்டை (ரன்-ஃபிளாட்) ரயர் போட்டிருப்பார்கள். மேலதிகச் சில்லு இராது. காற்றுப் போனாலும் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேற்படாமல் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம் என்பது கணக்கு. இரவு ஒரு மணிக்கு ஓமந்தையில் ஆணி குத்தினால், யானைக்கும் மாட்டுக்கும் பயந்து நடுவீதியில் ஜாக்கி போடாமல் கிளிநொச்சி வந்து சேரலாம். அது பெரிய வசதி. ஆனால் அப்படி ஓடிய ரயரை ஒட்டுப்போட முடியாது, புதிது வாங்க வேண்டும். அந்த அளவு ரயர் கிளிநொச்சியில் உடனே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கிறவல் கல் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் 80 கிலோமீற்றர் கணக்கும் செல்லாது.

பழுதென்றால் என்ன செய்வது என்பதில்தான் வைத்திருக்கும் செலவு முழுதும் அடங்கியிருக்கிறது. அலியனுக்குத் தண்ணீர்ப் பம்பு போனால் பரந்தன் சந்தியிலேயே ஒருவர் மாலைக்குள் மாற்றித் தருவார். 520டிக்கு அதே பம்பு கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அதற்குள் கார் கராஜில் நிற்கும், நீங்கள் மோட்டார் சைக்கிளில் நெல் பார்ப்பீர்கள். பற்றரி மாற்றுவதுகூடச் சும்மா இல்லை. பி.எம்.டபிள்யூவில் புதுப் பற்றரி போட்டதைக் கணினி மூலம் காருக்குப் பதிவுசெய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பழைய பற்றரி என்று நினைத்தே கார் அதைச் சார்ஜ் செய்து, புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். வீதியோரக் கடையில் பற்றரி போட்டுக்கொண்டு போய், ஆண்டு திரும்புவதற்குள் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்த வகைதான். எட்டு கியர்ப் பெட்டியின் ஒயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று காரை விற்றவர் சொல்வார். பெட்டியைச் செய்த இசட்.எஃப். கம்பனி 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. எஞ்சின் ஒயிலுக்குக் கார்த்திரை காட்டும் இடைவெளி ஐரோப்பியக் குளிருக்கானது. நமது சூட்டுக்கும் தூசிக்கும் அதில் பாதியிலேயே மாற்றுங்கள்.

காப்புறுதிக் கட்டணம் வாகனத்தின் சந்தைப் பெறுமதியைப் பார்த்து ஏறும். புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இந்தத் தொகைகளுக்கு முன்னால் சில்லறை. திரும்ப விற்கும் நாளில்தான் அடி விழும். அலியனையும் பிரீமியோவையும் ரொயோட்டா 2021இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் இங்கே அவற்றுக்கு ஆள் வரிசையில் நிற்கும். பத்து வயது தாண்டிய ஜெர்மன் காருக்கு வன்னியில் வாங்குபவரைத் தேட, நீங்களே கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு: அலியனை விற்காதீர்கள். இந்த வீட்டில் வாகனத்தைச் சரியாகப் புரிந்தவர் உங்கள் மனைவிதான். வயல், ஆலை, பூநகரி, முழங்காவில் எல்லாம் அலியனுக்கு. அதை வைத்துக்கொண்டே, லீசிங் இல்லாமல், கையிருப்பில் மட்டும் 520டி வாங்க முடியுமானால் கொழும்புப் பாதைக்கென்று வாங்குங்கள். ஐம்பது தாண்டிய முதுகுக்கு, பதினோரு மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டு விடியற்காலை பரந்தனில் இறங்கும்போது அந்த இருக்கையின் அருமை தெரியும். அதைக் காசில் கணக்குப் பார்க்க நான் சொல்லமாட்டேன். எரிபொருளுக்கு மாதம் எவ்வளவு போகிறதோ அதே தொகையைத் திருத்தச் செலவுக்கென்று தனியாகப் போட்டு வையுங்கள். ஆண்டுக் கடைசியில் மிஞ்சினால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரே காருக்குத்தான் காசு என்றால், விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். அலியனுக்கு நான்கு நல்ல ரயர், புது அதிர்வுதாங்கி, நல்ல இருக்கை உறை. இதிலேயே பாதி ஆசை தீரும்.

520டிதான் என்று முடிவானால் சிலவற்றை விடாமல் பாருங்கள். 2014இற்கு முந்திய என்47 எஞ்சின் வேண்டாம். வால்வுகளை இயக்கும் அதன் சங்கிலி தேயும் நோய் உலகறிந்தது. சங்கிலி கியர்பெட்டிப் பக்கம் இருப்பதால் அதைத் தொடவே எஞ்சினையோ கியர்பெட்டியையோ இறக்க வேண்டும். நீங்கள் பார்த்த 2016 காரில் பி47 எஞ்சின் இருக்க வேண்டும், கடதாசியில் சரிபாருங்கள். 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் தீப்பற்றியபின், புகையைத் திருப்பி விடும் குழாயின் குளிர்விப்பானுக்காகப் பல நாடுகளில் கார்களை மீளழைத்தார்கள். செசி இலக்கத்தை முகவரிடம் கொடுத்து, இந்தக் காருக்கு அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். முன் இருக்கைக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி வயர் முனைகளில் சேறு காய்ந்திருக்கிறதா பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது இங்கே தண்ணீருக்குள் நின்ற வாகனங்கள் பல, ஜெர்மன் கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோ தரையோடு தரையாக இருப்பவை. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயது ரயரை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கணினிப் பரிசோதனையை விற்பவர் சொல்லும் இடத்தில் செய்யாமல் நீங்கள் தெரிவு செய்யும் இடத்தில் செய்யுங்கள். கரித்துகள் வடிகட்டியின் நிலையையும், கியர்பெட்டியின் நினைவிலுள்ள கிலோமீற்றரையும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். வடிகட்டியை வெட்டி எறிந்துவிட்டு மென்பொருளை ஏமாற்றி வைத்த கார்களும் சந்தையில் உண்டு. புகைக்குழாய் முனைக்குள் விரலை விட்டுத் தடவினால் வடிகட்டி உள்ள காரில் விரல் ஏறக்குறைய வெள்ளையாகவே வரும். கரி அப்பிக்கொண்டால் கிளம்புங்கள்.

காரைப் பார்க்கப் போவதற்கு முதல்நாளே விற்பவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காலையில் நீங்கள் வந்து முன்மூடியைத் தொட்டுப் பார்க்கும்வரை யாரும் எஞ்சினை இயக்கக் கூடாது என்று. குளிர்ந்த எஞ்சினின் முதல் இரண்டு விநாடிச் சத்தத்தில்தான் சங்கிலி பேசும். முன்மூடி சூடாக இருந்தால், அவர் தரும் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.